சின்னம்மா கட்டிய மாமியார் வேடம்

வேலைக்குப் போடும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "நான் ஒரு நாடகத்திலை நடிக்கப்போறன். மாமியார் வேசம். பொல்லாத மாமியார்," என்று சின்னம்மா சொன்ன அந்த மாலையை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையும் கையுமாக எட்டிப் பார்த்தேன். மருத்துவமனையில் துப்புரவு வேலை முடித்துவிட்டு வந்திருந்த சின்னம்மாவின் முகத்தில், பரீட்சை முடிவு கேட்டு வந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் களை இருந்தது. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எனக்குச் சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரில் வேலை கிடைத்தபோது, பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருந்த அவருடைய வீட்டில்தான் தங்கினேன். சித்தப்பா நோயில் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகனுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது.

நாடகத்தை எழுதியவர் சின்னம்மா வேலை செய்த அதே வார்டில் இருந்த நைஜீரிய நாட்டுத் தாதி. சின்னம்மா அவரைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டறிந்த பிறகு, அவரும் சின்னம்மாவை 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார். நானும் அவரை அக்கா என்றே அழைத்தேன். தன் ஊரில் நாடகம் படித்தவர். இங்கே வந்த பிறகும் அது அவரை விடவில்லை. விடுமுறை நாட்களில் தேவாலய மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து, தன் நாட்டு நண்பர்களைச் சேர்த்து நாடகம் போடுவார். அந்த முறை போட்ட நாடகத்தில் கணவனை இழந்த ஒரு பெண் வருகிறாள். ஊர் வழக்கப்படி அவள் தலையை மழிக்க வேண்டும், தரையில் கிடக்க வேண்டும் என்று மாமியார் நிற்கிறாள். பெண் போதகரிடம் ஓடுகிறாள். அவர் ஊர்ச் சடங்கைப் பிசாசின் வேலை என்று ஏசுகிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, கணவன் வீட்டாருக்கு அடங்கி நடப்பதுதான் பெண்ணுக்கு அழகு என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். ஊரும் கோயிலும் எல்லா விஷயத்திலும் சண்டை பிடித்துவிட்டு, அவளுடைய விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகிவிடுகின்றன. இந்த இடத்தைச் சொல்லும்போது நைஜீரியா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அது அவருடைய தாய்க்கு நடந்த கதை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் வேடத்தை அவரே கட்டினார்.

மாமியாராக நடிக்க இருந்தவர் பாதியில் விலகிவிட்டார். இறந்த முன்னோருக்கு நிலத்தில் மதுவை ஊற்றி அழைக்கும் காட்சி ஒன்று இருந்தது. மேடையில் என்றாலும் அது பாவம் என்று அவருடைய சபையில் சொல்லிவிட்டார்களாம். "நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். போத்தலில் இருப்பது ஆப்பிள் சாறு. ஆண்டவருக்கு வித்தியாசம் தெரியாதா?" என்று நைஜீரியா அக்கா சாப்பாட்டு இடைவேளையில் சின்னம்மாவிடம் புலம்பியிருக்கிறார். சின்னம்மாவுக்கு அதில் பாவம் எதுவும் தெரியவில்லை. "நாங்கள் திவசத்துக்குப் படைக்கிறேல்லையோ? அதுதானே இது," என்றாராம். சொன்ன கையோடு, "நான் செய்யட்டோ?" என்றும் கேட்டுவிட்டார். நாடகம் டொய்ச் எனும் ஜெர்மன் மொழியில்; தன்னுடையது உடைந்த டொய்ச் என்று பிறகுதான் தயங்கினார். மாமியார் ஏசுவதற்கு இலக்கணம் தேவையில்லை என்று நைஜீரியா அக்கா சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் வீடு நாடகக் கொட்டகையானது. வெங்காயம் வெட்டும்போதும் துணி மடிக்கும்போதும் சின்னம்மா என்னை மருமகளாக்கி ஏசினார். ஒரு சனிக்கிழமை, கட்டடத்தின் கீழே எல்லோருக்கும் பொதுவான சலவை அறையில், இயந்திரம் சுற்றும் சத்தத்துக்கு மேலாக அவர் டொய்ச்சில் கத்திக்கொண்டிருந்தார்: "உட்காராதே! உன் புருஷன் செத்துவிட்டான், நீ எப்படிக் கதிரையில் உட்காரலாம்?" சத்தம் கேட்டு நான் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தால், மேல் மாடியில் தனியாக இருந்த சுவிஸ் அம்மா சலவை அறை வாசலில் துணிக் கூடையுடன் வெளிறிப்போய் நின்றார். அவரும் புருஷனை இழந்தவர். தன்னைத்தான் ஏசுவதாக நினைத்திருக்கிறார். நான் படிகளில் இறங்கி ஓடிப்போய் விளக்கி முடிப்பதற்குள், அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படிச் சிரித்தார். நாடகத்துக்குத் தனக்கும் ஓரிடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் மேலே போனார்.

சின்னம்மா இவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சித்தப்பா போன பிறகு அவர் நெற்றியில் பொட்டு வைக்கவில்லை. எங்கள் ஆட்களின் கலியாணமென்றால் மண்டபத்தின் கடைசி வரிசையில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பார். யாராவது முன்னுக்கு வரச் சொன்னால், "நான் சாப்பாட்டுப் பக்கம் பாக்கிறன், நீங்கள் போங்கோ," என்பார். யாரும் அவரை வெளிப்படையாக ஒதுக்கியதில்லை. ஒதுக்கவேண்டிய வேலையை அவரே செய்துவிடுவார். ஆகையால் எல்லோருக்கும் சுகமாக இருந்தது. எனக்கும் அது இயல்பாகவே தெரிந்தது.

ஷ்லீரன் நகரில் இருந்த பெரியப்பாவுக்கு, சின்னம்மாவின் மூத்த அக்காவின் கணவருக்கு, செய்தி எட்டியதும் தொலைபேசி வந்தது. சின்னம்மா கைகள் ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். "கலியாணத்தை வைச்சுக்கொண்டு உனக்கென்ன கூத்து? அதுவும் செத்த வீட்டு நாடகமாம். ஆபிரிக்கக்காரரோடை நிண்டு முன்னோரைக் கூப்பிடுறியாம். பொம்பிளை வீட்டார் கேள்விப்பட்டால் என்ன நினைப்பினம்?"

"என்ன நினைப்பினம், அத்தான்?"

"சம்பந்தம் குழம்பினாப்பிறகு என்னட்டை வராதை."

சின்னம்மா அன்று சாப்பிடவில்லை. பயந்துபோனார் என்பது தெரிந்தது. மகனைக் கூப்பிட்டு, தான் விலகிவிடவா என்று கேட்டார். மகன் தனக்குப் பிரச்சினையில்லை என்றான். ஆனால் தனக்கு வரப்போகிற மாமியாரை நினைத்து அவனுக்கும் கொஞ்சம் கலக்கம்தான். அடுத்த நாள் ஒத்திகை. விலகப்போவதாகச் சொல்லத்தான் சின்னம்மா புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். மண்டபத்தில் கதிரைகளைத் தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியாக ஒரு முறை செய்துவிட்டுச் சொல்லலாமென்று நினைத்தாரோ என்னவோ, அட்டையில் வெட்டி வெள்ளிக் காகிதம் ஒட்டிய சவரக்கத்தியை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். மருமகளாக நைஜீரியா அக்கா முழந்தாளில் இருந்தார். கத்தியை ஓங்க வேண்டிய இடத்தில் சின்னம்மா நின்றுவிட்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்டு விளங்கேல்லை," என்றார். பிறகு டொய்ச்சுக்கு மாறி, "இந்த மாமியாருடைய புருஷன் எங்கே?" என்று கேட்டார்.

நைஜீரியா அக்கா யோசித்தார். "செத்துவிட்டார். முதல் காட்சியில் அப்படி ஒரு வசனம் வருகிறது."

"அப்படியென்றால் இவளுடைய தலையை யார் மழித்தது?"

நைஜீரியா அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். மேடை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, சின்னம்மாவையும் பக்கத்தில் இருத்தினார். தன் தாயின் தலையை மழித்த, அப்பாவின் தாயான அப்பாச்சியைப் பற்றி அவர் அப்போதுதான் முதல் முறையாக, கோபமில்லாமல், பேசினார். அன்றைக்கே ஒரு வரி கூடியது. கத்தி ஓங்கப்படும்போது மருமகள் நிமிர்ந்து, "அம்மா, உன்னுடைய தலையை மழித்தது யார்?" என்று கேட்பாள். மாமியார் பதில் சொல்லாமல் கத்தியைக் கீழே போடுவாள். பஸ்ஸில் திரும்பும்போது சின்னம்மாவைப் பார்த்தேன். "விலகிறதெண்டு சொல்லேல்லையோ?" என்றேன். "அந்தக் கத்தியை வேறை ஆர் கீழை போடுறது?" என்றார்.

நாடக நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. திரை இடுக்கு வழியாகப் பார்த்த நான் மூன்றாவது வரிசையில், மகனுக்கு நிச்சயித்த பொம்பிளையின் தாயைக் கண்டேன். பட்டுச் சேலை, கைப்பை மடியில், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லலாமா என்று தடுமாறிப் பிறகு சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, "வந்தவ பாக்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

சின்னம்மா மேடையில் ஏறியதும் சிரிப்புத் தொடங்கிவிட்டது. போதகரைப் பின்தொடர்ந்து நடந்து அவருடைய பிரசங்கத்தை வாயசைத்துக் காட்டியபோது, நைஜீரியப் பெண்கள் மேசையில் தட்டினார்கள். சுவிஸ் அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு அந்த இடம் வந்தது. மருமகள் கேட்டாள். கத்தி விழுந்தது. ஒத்திகையில் அதோடு வெளிச்சம் அணையும். அன்று சின்னம்மா அசையவில்லை. வெளிச்சக்காரரும் எதற்கோ காத்திருந்தார். சின்னம்மா சபையைப் பார்த்து, எங்கள் தமிழில், மிக மெதுவாகச் சொன்னார்: "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை. கேட்டிருந்தால் நான் வேண்டாம் எண்டிருப்பன்."

தமிழ் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் சிலர்தான். நைஜீரியா அக்கா எழுந்து சின்னம்மாவின் கையைப் பிடித்தார். மேளம் எழுந்தது. இருவரும் ஆடிய ஆட்டத்தை எந்த நாட்டு ஆட்டம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் ஒரு சுவிஸ் பெரியவர் வந்து, கடைசியில் பேசியது எந்த ஆபிரிக்க மொழி என்று சின்னம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார். "யாழ்ப்பாணம்," என்றார் சின்னம்மா. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பொம்பிளையின் தாய் எல்லோரும் கலையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தார். "என்ரை கலியாணத்திலை எங்கடை அம்மாவும் பின்னாலைதான் நிண்டவ," என்றார். "அவவைக் கூப்பிடவேணுமெண்டு எனக்குத் தோன்றவேயில்லை." பிறகு சின்னம்மாவின் கையைப் பிடித்தார். "கூறைச் சேலைத் தட்டை நீங்கள்தான் கொண்டுவர வேணும், சம்பந்தி."

"ஓம்," என்றார் சின்னம்மா, முகத்துப் பூச்சைத் துடைத்தபடி. "நான் கொண்டுவாறதாத்தான் இருந்தனான். உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்." இருவரும் சிரித்தார்கள். நைஜீரியா அக்கா என்ன பேச்சென்று விசாரித்துவிட்டு எங்கள் மூவருக்கும் காரச் சோறு அள்ளிப்போட்டார். உறைப்புக் காணாது என்று சம்பந்தி குறை சொல்ல, அடுத்த தட்டில் அவர் கண்ணில் நீர் வரும்படி மிளகாய்க் குழம்பு விழுந்தது.

கலியாணத்தில் சின்னம்மா கூறைத் தட்டுடன் மண்டபத்தின் நடுவால் நடந்துவந்தார். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தட்டு தன்னிடம் வந்தபோது தொட்டு வணங்கினார்.

நைஜீரியா அக்கா இப்போது புதிய நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு பெண் ஊர்த் தலைவராகும் கதை. தலைவராக நடிக்கப்போவது யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பிடித்துப் பின்வரிசையில் வைத்தாலும் இனிச் சின்னம்மா அங்கே இருக்கமாட்டார் என்பதற்கு நாங்கள் பழகிவிட்டோம். போன கோடையில் எனக்குக் கலியாணம் நடந்தது. ஆராத்தி எடுக்க யாரை விடுவதென்று அம்மா கேட்டபோது நான் இரண்டு பேரைச் சொன்னேன். சேலையில் நைஜீரியா அக்கா ஒரு பக்கம், சிவப்புப் பொட்டுடன் சின்னம்மா மறுபக்கம் நின்றார்கள். தட்டைத் தூக்கும் நேரத்தில், படம் பிடிக்கிறவர் வெளிச்சம் சரியில்லை என்று கையைக் காட்டினார்.

"அன்ரி, கொஞ்சம் பின்னாலை நில்லுங்கோ."

"நான் இஞ்சைதான் நிப்பன், தம்பி," என்றார் சின்னம்மா. "நீர் கமராவைக் கொஞ்சம் பின்னாலை கொண்டுபோம்."