கண் சிமிட்டாத மாமனார்

என் மாமனாருக்குச் சிறுநீரகத்தில் கல். நாள் கடத்தினால் சிறுநீரகமே போய்விடும் என்று டாக்டர் சொல்லியும் மனிதர் அசையவில்லை.

"கவர்மெண்டு கார்டு கெடச்சா ஆபரேஷன் பண்ணிக்கிடுதேன். இல்லன்னா இப்படியே கெடந்துட்டுப் போறேன். எம் மவன் தலையில பாரத்த ஏத்தாதளா" என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

எழுபது வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீட்டு அட்டையைத்தான் சொன்னார். வலி வந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். எனக்குப் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

தாராவியில் எங்கள் சந்து முனையிலேயே அட்டை எடுக்கும் முகாம் போட்டார்கள். குர்லா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிப் போனேன். ஆதாரில் இருந்த போன் நம்பர் எப்போதோ செத்துவிட்டதால் ஓடிபி வர வழியில்லை. விரலை வைக்கச் சொன்னார்கள். காலமெல்லாம் தோல் பட்டறையில் தேய்ந்த கை அது. ரேகை என்று ஒன்று இருந்தால்தானே மெஷின் படிக்கும்? முகாமில் இருந்த மராத்திப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

கடைசியாக, முகத்தைக் காட்டிப் பார்க்கலாம் என்று போனை அவர் எதிரே நீட்டினாள். மாமா விறைப்பாக உட்கார்ந்து கண்ணை உருட்டி முழித்தார். போட்டோ என்றால் கண் சிமிட்டக் கூடாது என்பது அவர் கட்சி.

"காகா, பலக் ஜப்காவோ" என்றாள் அவள்.

"பாலக்கா? நஹி, நஹி. டாக்டர் மனா கியா."

கல் வந்ததிலிருந்து பாலக் கீரையை டாக்டர் நிறுத்தியிருந்தார். மாமாவின் பம்பாய் இந்தியில் மார்க்கெட் உண்டு, பட்டறை உண்டு, ரயில் சண்டை உண்டு. கண் இமைக்கு 'பலக்' என்று பெயர் என்பது மட்டும் இல்லை. அவள் திரும்பச் சொன்னாள், இவரும் திரும்ப மறுத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமா, கீரை இல்ல. கண்ண மூடித் தொறக்கச் சொல்லுதா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு எதுக்குளா கீரைய இழுக்கா?"

நான் சிரித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணும் சிரித்தாள். நீட்டிய போனை அவள் இன்னும் இறக்கவில்லை. மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலி தொடங்கிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் கண் தானாக மூடித் திறந்தது. போனில் பச்சை டிக் விழுந்தது.

அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. அட்டையைக் காட்டியதோடு சரி, ஆஸ்பத்திரியில் எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. தியேட்டரிலிருந்து அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது மயக்கம் முழுதாகத் தெளியவில்லை.

"மாமா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன்.

மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். உதடு அசைவதைப் பார்த்துக் குனிந்து காதை வைத்தேன்.

"பாலக்" என்றார். அத்தனை பேர் நடுவிலும் நான் அழுதுவிட்டேன்.