முகத்துவாரம் வெட்டுகிற நாள்

மணல்மேட்டில் வயற்காரர் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். கடலோர உவர்நீர்க் களப்பில் வலை போடுகிறவர்களில் இபுறாகீம் காக்கா மட்டும் வந்திருக்கிறார். மற்ற எவரும் வரவில்லை. கல்முனை வீதியில் வெள்ளம் ஏறி பஸ் நின்றுவிட்டதால் நானும் இறங்கிப் பார்க்கிறேன். களப்பு கடலில் விழும் வாயை மணல் அடைத்திருக்கிறது. வெட்டினால் வயல் தப்பும்; களப்பில் வளரும் றால் கடலோடு போய்விடும்.

"காக்கா, வலைக்காரர் நீங்களுமா வெட்டுறீங்க?"

"என்ட ரெண்டு ஏக்கர் வெள்ளாமையும் தண்ணிக்குள்ள கிடக்கு தம்பி. வெட்ட வந்ததால, வலை போடுற மச்சான் என்னோட கதைக்கிறான் இல்ல. கையில என்ன, கொப்பியா? படிச்ச புள்ள, நீ சொல்லு, வெட்டுறதா உடுறதா?"

உயிரியல் பாடக் கொப்பியில், ஓரின உயிர்களின் குடித்தொகை, பல இனங்கள் சேர்ந்த சாகியம், அவை வாழும் இடமும் சேர்ந்த சூழற்றொகுதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதைப் படித்த முதல் ஆள் நான். றாலுக்கு இடமிருக்கிறது, நெல்லுக்கும் இருக்கிறது. காக்காவை எந்த வட்டத்தில் போடுவது, மச்சானை எதில் போடுவது?

"தெரியாது காக்கா."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்புத்தான்" என்று சிரித்துவிட்டு வெட்டத் தொடங்குகிறார்.

தண்ணீர் கடலுக்குப் பாய்கிறது. வலைக்காரக் குடும்பங்களுக்கு அறுவடையில் ஏக்கருக்கு இரண்டு புசல் நெல் கொடுப்பதென்று அங்கேயே பேசி முடிக்கிறார்கள். இரண்டு ஏக்கருக்குக் காக்கா கொடுக்க வேண்டியது நாலு புசல்.