பிளக் இல்லாத பெட்டி

எரிந்த ஸ்பீக்கரை யார் கொண்டுவந்தாலும் காயில் அக்கா முதலில் மோந்துதான் பார்ப்பாள். ஒலிக்கு அதிர்கிற காகிதக் கூம்பான கோனைப் பிரித்து, கருகிய காயிலை எறிந்துவிட்டு, தலைமுடி போன்ற செம்புக் கம்பியால் புதிதாகச் சுற்றி ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். பெயரும் அதுவே ஆகிவிட்டது. கணவர் சவுண்ட் செட் வாடகைக்கு விடுபவர். இருவருக்கும் ஒரே கடை, ஒரே மேஜை. சண்டைக்கும் அந்த மேஜைதான்.

சண்டை அவர் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயரைப் பற்றியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, அதை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் அதற்குள் ஒரு ட்ரான்சிஸ்டர் ஷார்ட்டானால் பாட்டுக்குப் பதில் ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குள் இறங்கும். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆடுகிற கோன், டிசிக்கு ஒரே பக்கம் தள்ளப்பட்டு அப்படியே நிற்கும். உள்ளே காயில் வெந்துபோகும். அப்படி இரண்டு ஸ்பீக்கர் போயிருந்தன.

"ட்ரான்சிஸ்டர் ஷார்ட்டாகித்தான் காயில் எரிஞ்சுது" என்பாள் அக்கா.

"காயில் எரிஞ்சுதான் ட்ரான்சிஸ்டர் ஷார்ட்டாச்சு" என்பார் அவர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் அவருடையது. அதோடு விட்டாரா? "வீட்டுக்காரி சுத்துன காயில், தாங்கல" என்று தொழில்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். பிறகு தங்கள் ஸ்பீக்கர்களை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் பெட்டி ஒன்றை அவள் வாங்கிவந்து மாட்டினாள். அது அடாப்டரில் ஓடுவது. ஒரு கூட்டத்தில் கணவர் அந்த அடாப்டரைப் பிடுங்கிவிட்டு போனுக்கு சார்ஜ் போட்டார். விதி பாருங்கள், அன்றைக்கே மூன்றாவது ஸ்பீக்கரும் போனது.

"சும்மா இருக்கிற பிளக்தானேன்னு எடுத்தேன்."

"இனிமே பிளக்கே இல்லாம ஒண்ணு பண்றேன். எதைப் பிடுங்குவீங்கன்னு பாக்குறேன்."

முள்ளை முள்ளால் எடுக்கிற யோசனை அது. கெடுக்க வருகிற டிசியையே தின்று வேலை செய்யும் ஒரு ரிலே, அதாவது மின்சாரம் வந்தால் தானே திறக்கிற சுவிட்ச். பாட்டு ஓடுகிறவரை அது தூங்கும். டிசி வந்து நின்றால், அந்த மின்சாரத்திலேயே விழித்து ஸ்பீக்கர் கம்பியைத் துண்டித்துவிடும்.

முதல் பெட்டிக்கு பேட்டரி கொடுத்துப் பார்த்தபோது டக டக டகவென்று ஒரே சத்தம். ரிலேக்குத் தீனி எடுக்கும் கம்பியை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தாள். துண்டித்ததும் ரிலேயின் சோறும் சேர்ந்து போய்விட, மறுபடி ஒட்டி, மறுபடி துண்டித்து அது தவியாய்த் தவித்தது.

"தவளை வளக்கிறியா?" என்றார் கணவர். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கம்பியை ஆம்ப் பக்கம் மாற்றினாள். தவளை அடங்கியது.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. பெரிய அரங்கம் என்பதால் இன்னும் இரண்டு சவுண்ட்காரர்கள், அன்று சிரித்தவர்கள்தான், கூட வந்திருந்தார்கள். பாட்டு பாதியில் இருக்க, அக்கா மாட்டியிருந்த பெட்டிக்குள் "டக்" என்றது. ஒரு பக்கம் அடியோடு அமைதி.

"உன் பெட்டி பாட்டையே நிறுத்திடுச்சு பாரு!" கணவர் கம்பியைப் பிடுங்கப் பாய்ந்தார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாராளமா பிடுங்குங்க. முதல்ல ஆம்ப் வாயில மீட்டர் வைங்க."

வைத்தார். முள் கடைசிவரை ஓடி நின்றது, டிசியேதான். ஆம்பை அணைத்துவிட்டு ஸ்பீக்கரையும் அளந்தார். காயில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. கோனை விரலால் அழுத்தினார், வழுக்கிக்கொண்டு போய் வந்தது. குனிந்து அவர் மோந்து பார்த்ததையும் அக்கா கவனித்தாள்.

"ட்ரான்சிஸ்டர்தான் முதல்ல போயிருக்கு" என்றார், அவள் காதுக்கு மட்டும்.

"அது எனக்கு எப்பவோ தெரியும். என் காதுல சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க சொல்லுங்க."

அவர் திரும்பினார். மற்ற இருவரும் என்ன ஆச்சு என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணவர் தொண்டையைச் செருமினார்.

"காயில் போகலப்பா. என் ஆம்ப்தான் போச்சு" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "முன்னாடி போன மூணும் இதாலதான்."