வகுப்பு வாசலில் நின்ற தேர்

நான் மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார். பிள்ளைகள் தாங்களே செய்து கற்க வேண்டும் என்று டிரெயினிங் ஸ்கூலில் சொன்னார்கள்.

அளவுப் பாடத்துக்காக மூன்றாம் வகுப்பை மூங்கில் தேர் கட்டச் சொன்னேன். எல்லாவற்றையும் அளந்தோம், வகுப்பு வாசலைத் தவிர.

சாமி இல்லாமல் வடம் பிடிக்கக் கூடாதாம். ஹெட்மாஸ்டர் மேஜையிலிருந்த தலைப்பாகையை பிள்ளைகள் எடுத்து வந்து சாமியாகத் தேரில் ஏற்றிவிட்டார்கள். இன்று இழுத்தோம், தேர் வாசலில் சிக்கிக்கொண்டது.

ஹெட்மாஸ்டர் வெறுந்தலையோடு ஓடிவந்தார். "எட்றா அதை!"

"தேர் நிலைக்கு வராம சாமிய எறக்கக் கூடாது சார்!" என்றான் ஒரு பையன்.

பக்திமான். யோசித்தார். "வாஸ்தவம்தான்" என்று பஞ்சகச்சத்தை இறுக்கிக்கொண்டு அவரும் வடம் பிடித்தார். தேர் அசையவில்லை.

நாளை இன்ஸ்பெக்டர் துரை வருகிறார், ஹெட்மாஸ்டர் அவர் முன் வெறுந்தலையோடு நிற்க முடியாது.

தேரை அறுக்க ரம்பம் வேண்டாம், அபசாரம் என்கிறார். யாரிடமாவது தலைப்பாகை இரவல் கிடைக்குமா?