எண்ணெய் வைக்க ஆளில்லாத தலை

தீபாவளிக் காலையில் தன் தலைக்குத் தானே எண்ணெய் வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொருவர்தான் வைக்க வேண்டும். நல்லவேளை, இது சட்டப் புத்தகத்தில் இல்லை. இருந்திருந்தால் நான் பாதி ஆயுளைச் சிறையில் கழித்திருப்பேன். சிங்கப்பூரில் எனக்குச் சொந்தமென்று யாரும் கிடையாது. ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடி, அதில் பலகைத் தடுப்பு போட்ட அறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் கிழவர். ஒரு தீபாவளிக்கு அவரிடம் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டி, தலையைத் தொட்டுக் காட்டினேன். நன்றியோடு வாங்கிப்போய் மீன் பொரித்துவிட்டார்.

பிறகு ஒருவர் கிடைத்தார். இந்தோனேசியாவின் ரியாவ் தீவிலிருந்து கரிமூட்டை கொண்டுவரும் படகுக்காரர். நான் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு படகுத்துறையில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதும் கிராணி. அவரை அபாங் என்பேன்; மலாயில் அண்ணன். தீபாவளியன்று விடியலில் என்னைப் படகுப் பலகையில் உட்கார வைத்து, உச்சந்தலையில் அறைந்து அறைந்து தேய்ப்பார்.

"ஆடாதலா! படகுகூட இவ்வளவு ஆடாது" என்று மலாயில் திட்டுவார்; எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'லா' சேர்ப்பார்.

முஸ்லிம் கையால் தீபாவளி எண்ணெயா என்று துறையில் சிலர் கேட்டார்கள். தலை ஒன்றும் கேட்கவில்லையே என்றேன்.

அப்புறம், அறுபத்து மூன்றில், இந்தோனேசியாவோடு மோதல் வந்தது. ஊருக்குள் குண்டு வெடித்தது. ரியாவ் படகுகள் நின்றன. மூட்டை வராததால் எங்கள் நாள்கூலிக்காரர்கள் வீட்டில் கஞ்சி. இங்கிருந்து அரிசி போகாததால் அங்கே அதுவும் இல்லை. சண்டையைத் தொடங்கியவர்களில் மூட்டை தூக்குகிறவன் ஒருவனும் இல்லை. அந்தத் தீபாவளிகளில் நான் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ வைப்பதுபோல் இருக்கட்டும் என்று, இடக்கையால் எண்ணெய் வைத்துக்கொண்டேன். இடக்கை நன்றாகவே நடித்தது. தலைதான் ஏமாறவில்லை.

ஒருவழியாக மோதல் முடிந்தது. படகுகள் திரும்ப வரப்போகின்றன என்றதும் துறையில் ஆட்கள் கூடினார்கள்.

"குண்டு வச்சவனுங்க மூட்டைய நாம தூக்கணுமா?" என்றார் மூத்த கூலி ஒருவர். பல தலைகள் ஆடின. நாங்கள் மாட்டோம் என்றால் படகுகள் வேறு துறைக்குப் போய்விடும், அபாங்கும் போய்விடுவார். எழுந்தேன்.

"கோமாளி எந்திரிச்சிட்டான்பா!" வாயைத் திறக்குமுன்பே சிரிப்பு.

"குண்டு வச்சது படகுக்காரன் இல்லண்ணே. நம்மள மாதிரி அவனும் பட்டினி கெடந்தவன். அபாங் வரலேன்னா... என் தலைக்கு எண்ணெ வைக்க ஆளில்லண்ணே."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எங்களை வேலை வாங்கும் தண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்கப்பா, எறக்குவோம். இல்லாட்டி இவன் தல வெடிச்சிரும்" என்றார். மூத்த கூலியும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

தீபாவளிக்கு முன்தினம் அபாங் வந்தார். சொந்தப் படகில் இல்லை. அது மோதலில் போய்விட்டது என்றார். இன்னொருவர் படகில் கூலி. சரக்கைக் கயிற்றில் தூக்கிக்கொள்ளலாம், படகு ஆட்கள் கரையேறக் கூடாது, நாங்களும் படகில் இறங்கக் கூடாது என்று அரசு உத்தரவு. எங்கள் கூட்டத்திலும் மூட்டையைப் பற்றித்தான் முடிவு செய்திருந்தோம். ஆளை இறக்குவது பற்றி யாருக்கும் தோன்றவில்லை.

கடல் வற்றியிருந்தது. படகு வெகு கீழே கிடந்தது.

"தலைய நீட்டு" என்றார்.

"நாளைக்குத்தான் அபாங் தீபாவளி."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். நீட்டுலா!"

கரித்தூளில் குப்புறப் படுத்து, துறை விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டேன். அவர் மூட்டை மேல் ஏறி, நுனிக்காலில் நின்று எம்பினார். எட்டவில்லை. உள்ளங்கை எண்ணெய் முழங்கை வழியே ஒழுகிக் கடலில் சொட்டியது.

"தண்ணி ஏறினா எட்டும்" என்றார்.

"தண்ணி ஏறினதும் கெளம்பிருவீங்களே."

"ஆமா."

முதுகுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பது கேட்டது. அவரும் சிரித்தார். நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.