புண் என்று எழுதிய வியாதி

பல வருடங்கள் நான் அமெரிக்காக்காரர்களின் வியாதிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். சரவணம்பட்டியில், ஏசி குளிர் எலும்புவரை இறங்குகிற ஒரு மாடியில், அவர்களுடைய இன்சூரன்ஸ் பில்லுக்கான மெடிக்கல் கோடிங் வேலை. அங்கே ஒருவருக்குக் கால் முறிந்தால் எந்தக் கால், எந்த எலும்பு, முதல் தடவை வந்தாரா, மறுபடி வந்தாரா என்றெல்லாம் பார்த்து, அதற்குரிய எண்ணைத் தேடிப் போட வேண்டும். வாத்து மோதி அடிபட்டால் அதற்கும் தனியாக ஒரு எண் உண்டு. முகமே பார்த்திராத ஆட்களின் ஈரலும் குடலும் எனக்கு அத்துப்படியாக இருந்தன. கழுத்து வலியும் கண் எரிச்சலும் நிரந்தரமான பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட்ஸ் பிரிவில் சேர்ந்தேன். இனிமேலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். என் ராசி அப்படி இல்லை.

சேர்ந்த கொஞ்ச நாளில் புதிய முறை வந்து நின்றது. இன்சூரன்ஸுக்கு இனிமேல் காகிதக் கட்டு அனுப்பக் கூடாது, எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். நோயாளியைச் சேர்க்கும்போதே புதிய பட்டியலைப் பார்த்து நோயின் சரியான எண்ணை டாக்டரே போட்டுவிட வேண்டும். அது நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளியின் சொந்தப் போனுக்கும் ஒரு மெசேஜ் போகும். ஆஸ்பத்திரியை இதற்குத் தயார் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது.

வகுப்பு எடுத்தேன். டாக்டர்களுக்குத் தனியாக, நர்ஸ்களுக்குத் தனியாக, வரவேற்பில் இருக்கிற பெண்களுக்குத் தனியாக. நம் ஊரில் வகுப்பு எடுப்பதைப் போல அலுப்பான காரியம் கிடையாது. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டால் "நல்லாப் புரிஞ்சுதுங்க" என்பார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் பழையபடியே எழுதி வைத்திருப்பார்கள். எலும்பு டாக்டரிடம் எந்தக் கால் என்று எழுதச் சொல்லி மன்றாடினேன். "ஏனுங்க மேடம், ஆளு நொண்டிக்கிட்டுத்தான வாராரு, பார்த்தாத் தெரியாதுங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு எனக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியது நான்தானே.

போன் நம்பர் விஷயம் இதைவிட மோசம். அன்னூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பதிவில் ஒரே நம்பர் இருந்தது. விசாரித்தால், அவர்களைக் கூட்டி வருகிற ஆட்டோக்காரருடைய நம்பர் அது. கேட்டால் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அதுதானாம். அந்தப் பாவப்பட்ட மனிதருக்கு ஊரில் உள்ள அத்தனை பேருடைய சர்க்கரை அளவும் வந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் மாற்றி, அவரவர் சொந்த நம்பரை வாங்கிச் சேர்ப்பதற்குள் வரவேற்பில் இருந்த பெண்கள் ஓய்ந்துபோனார்கள். நானும்தான்.

ஒருவழியாக ஒத்திகை பார்த்தோம். வரவேற்பில் இருக்கிற பெண்ணையே நோயாளியாக வைத்து, வலது முழங்கை எலும்பு முறிவு என்று எண் போட்டு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அவள் போனுக்கு மெசேஜ் வந்தது. நாங்கள் போட்டது வெறும் எண். வந்ததோ நல்ல தமிழ். "தங்களின் வலது முழங்கை எலும்பு முறிவு சிகிச்சைக்கான கோரிக்கை பெறப்பட்டது." எல்லாரும் அவள் முழங்கையைப் பிடித்து நலம் விசாரித்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடி வார்டில் படுத்திருக்கிற, அன்னூரிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவின் நினைப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் முதன்முதலாக உண்மையில் அனுப்ப வேண்டியது அவருடைய ஆபரேஷனுக்கான கோரிக்கைதான்.

அவருக்கு வயிற்றில் புற்றுநோய். அது அவருக்கு மட்டும் தெரியாது.

நம் பக்கத்தில் அந்த வியாதியின் பெயரை நோயாளியிடம் சொல்கிற வழக்கம் இல்லை. வீட்டு ஆட்கள் டாக்டரைத் தனியாகப் பார்த்து, "புண்ணுன்னே சொல்லிப்போடுங்க" என்று கேட்டுக்கொள்வார்கள். எங்கள் பெரிய டாக்டர், ஆஸ்பத்திரியைக் கட்டியவர், தலை நரைத்தவர், காலமெல்லாம் அப்படியே சொல்லி வந்தார். அட்டையிலும் புண் என்றே எழுதுவார். பழைய முறையில் அது ஓடியது. பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தனிக் கவரில் இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள், நோயாளி கண்ணில் படாது. அன்னூர் அம்மாவுக்கும் புண் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கீமோ மருந்தைப் புண் ஆற்றுகிற ஊசி என்றார்கள். முடி கொட்டியபோது மருந்துச் சூடு என்றார்கள். அவரும் நம்பிக்கொண்டு, புண்ணுக்கு ஆகாது என்று மாதக்கணக்கில் காரம் தொடாமல் வெறும் அரிசிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அட்டைகளைச் சரிபார்க்க நான் வார்டுக்குப் போகிறபோது என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவர் வீட்டு மிளகாய்ச் சட்னியைப் பற்றியே பேசுவார். "புண்ணு ஆறட்டுங் கண்ணு, உனக்கும் அரைச்சுத் தாரேன்" என்பார்.

அவர் மகனைக் கீழே கூப்பிட்டுப் பேசினேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், அம்மா மேல் உயிர். அம்மாவின் போனுக்கு வருகிற மெசேஜில் வியாதியின் பெயரும் இருக்கும் என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

"புண்ணுக்குன்னு ஒரு நம்பர் இருக்குமுங்களே மேடம், அதையே போட்டுடுங்க."

"இருக்குதுங்க. ஆனா அந்த நம்பருக்கு இந்த ஆபரேஷன் கெடையாது. உடனே திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் ஆபரேஷனே தள்ளிப்போயிருமுங்க." புண் என்று எண் போடுவது பொய்க் கணக்கு என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெம்பில்லை.

"அப்ப அம்மா போனை நான் வாங்கி வெச்சுக்கறேனுங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே ஞாபகம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கல். எழுத்துத் தெரியவில்லை என்று குறைப்பட்டதால், மெசேஜ் வந்தால் போனே சத்தமாகப் படித்துக் காட்டுகிற மாதிரி இவர்தான் செய்து வைத்திருந்தார். அந்தப் போன் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். பால் சொசைட்டி மெசேஜிலிருந்து கேஸ் சிலிண்டர் மெசேஜ் வரைக்கும் வார்டு பூராவும் கேட்கும்.

"அணைச்சு வெச்சிடறேனுங்க."

"எத்தனை நாளைக்குங்க? ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மெசேஜ் வரும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பின்னாடியும் வரும்."

அவர் அழுதுவிட்டார். "தெரிஞ்சா அன்னைக்கே உசுர உட்ருவாங்க மேடம்." அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரிய டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். அவர் கணினித் திரையில் இருந்த புற்றுநோய் எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் வகுப்பில் "சரிங்க" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவர் அவர்தான். "மிஷின் சொல்றதுக்கு முன்னாடி மனுசன் சொல்லோணுமுங்க. நானே சொல்றேன்" என்று எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பி, "நீங்களும் கூட வாங்க மேடம்" என்றார். அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

சாயங்கால வெயில் அந்த அம்மாவின் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏனுங்கம்மா, அன்னூர்ல மழைங்களா?" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா மழையைப் பற்றிச் சொன்னார். அப்புறம் வாழை. அப்புறம் கறிக்கோழிப் பண்ணை வைத்த கொழுந்தனார். இந்த மரியாதைப் பேச்சு இப்படியே அன்னூரைச் சுற்றி வந்துகொண்டிருந்தால் விடிந்துவிடும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மகன் சுவரைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் டாக்டர் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்தே சொன்னார்.

"அது புண்ணு இல்லீங்கம்மா. கேன்சருங்க. அந்தக் கட்டியத்தான் எடுக்கப் போறோமுங்க."

அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்ப புண்ணே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நாங் காரந் தின்னிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்களா?"

டாக்டர் மறுபடியும் குனிந்துகொண்டார். "பெருசா ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

அதற்குத்தான் அழுதார். வியாதிக்கு அழவில்லை. "இத்தனை நாளும் கஞ்சியக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சுங்களே. ஆறீரும் ஆறீரும்னு குடிச்சனே. ஒருத்தராச்சும் சொல்லக் கூடாதுங்களா?" பிறகு மகனைப் பார்த்து, "ஏண்டா, தட்டத்த நீதானடா கொண்டாந்து வெப்ப?" என்றார். மகன் கட்டில் காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா பாதத்தை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே நீட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் டாக்டர் சரியான எண்ணைப் போட்டார். நான் அனுப்பினேன். சம்மதம் கேட்டு அந்த அம்மாவின் போனுக்கு வந்த ஓடிபி எண்ணை அந்தப் போனே ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னது. மதியத்துக்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்தபோது நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண் குரல், "தங்களின் இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கான கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி படித்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா, "ஆமாங்க, கேன்சர்தானுங்க" என்று அவருக்குச் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிப் போட்டார்.

ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருந்தது. "இன்னைக்கு ஒரு நாளைக்கு என்ன வேணுமோ கொடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் மனசு ஆறட்டும் என்று சொன்னாரோ, தன் மனசு ஆறட்டும் என்று சொன்னாரோ, எனக்குத் தெரியவில்லை. மகன் அன்னூருக்குப் பைக்கில் பறந்து போய், அம்மா வழக்கமாக அரைக்கிற அதே மிளகாய்ச் சட்னியை வீட்டில் அரைக்கச் சொல்லி, இட்லியோடு தூக்குப்போசியில் கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததுமே நெடி ஏறி எனக்குத் தும்மல் வந்தது. அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு துண்டு இட்லியைச் சட்னியில் நன்றாகப் புரட்டி வாயில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

மெதுவாக மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார். சட்னியை மட்டும் விரலில் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏண்டா, இதுக்கு மொளகா போட்டாங்களா இல்லையாடா? சப்புன்னு கெடக்குதே."

மகனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கீமோ மருந்து நாக்கின் ருசியை எடுத்துவிடும். திரும்பி வர எவ்வளவு நாளாகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கும் ஒரு எண் இருக்கிறது, எனக்கு அது மனப்பாடம்.

"நீ ஒரு வாய் பாரு கண்ணு. எங்கூட்டுச் சட்னி இப்படி இருக்காதே" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். நாக்கிலிருந்து காதுவரைக்கும் எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"ஒறைக்குதா கண்ணு?"

"இல்லீங்கம்மா," என்றேன். "காரமே இல்லீங்க. மொளகா கம்மியாப் போட்டுட்டாங்க."