ரொட்டிக்குள் இருந்தது

காலை பத்து மணிக்கு அலமாரியைத் திறந்தால் என் பாஸ்போர்ட்டும் இல்லை, கணவருடையதும் இல்லை.

நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து பதினோரு வருஷம். கணவருக்கு வேலை போய் நாற்பத்தெட்டு நாள். அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி எங்கள் விசாவை ஏற்றுக்கொள்ளாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு கம்பெனி ஒருவழியாகச் சம்மதித்து, அன்று பதினொன்றரைக்குப் பாஸ்போர்ட்டுகளோடு வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருந்தது. எட்டு வயது மகள் இங்கேயே பிறந்ததால் அமெரிக்கக் குடிமகள். அவளுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவோம்.

"ஸ்கேன் பண்றேன்னு எடுத்து எங்க வெச்சீங்க?" என்று கணவர் மேல் பாய்ந்தேன்.

"நான் தொடவே இல்ல. நேத்து சாயங்காலம்கூட அங்கதான் இருந்துது."

அவர் குரல் நடுங்கியது. அந்த மனிதர் பயந்து நான் பார்த்ததே இல்லை. அதில் எனக்கு இன்னும் பயம் வந்துவிட்டது. மெத்தையைப் புரட்டினேன். அரிசி டப்பாவுக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினேன்.

அப்போதுதான் சாப்பாட்டு மேஜைமேல் மகள் காகிதத்தில் செய்த குட்டி பைபிள் கண்ணில் பட்டது. அன்று பள்ளியில் பிள்ளைகள் பழைய காலக் குடியேறிகளாக வேஷம் போட வேண்டும். அவளுக்கு வாய்த்தது ஹியூகனாட் பெண். பிரான்ஸில் ராஜா தங்கள் புராட்டஸ்டன்ட் மதத்தைத் தடை செய்ததால் தப்பி ஓடி, இந்தப் பக்கமெல்லாம் வந்து குடியேறியவர்கள் அவர்கள். சிப்பாய்களுக்குத் தெரியாமல் பைபிளை ரொட்டிக்குள் ஒளித்து வைப்பார்களாம். அதற்காக ஒரு பெரிய ரொட்டியைக் குடைந்து கொடுத்த புத்திசாலி நான்தான். பைபிள் இங்கே கிடந்தால் ரொட்டிக்குள் என்ன இருக்கிறது?

பள்ளிக்குக் காரை விரட்டினேன். வழியெல்லாம் சிவப்பு சிக்னல்.

பிள்ளைகள் ஹாலில் சிலையாக நின்றார்கள். பார்க்க வருகிறவர்கள் அவர்கள் உள்ளங்கையில் ஒட்டிய சிவப்பு வட்டத்தை அழுத்தினால்தான் பேசுவார்கள். என் மகள் வெள்ளைத் தொப்பியும் என் பழைய துப்பட்டாவுமாக, ரொட்டியை அணைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் வட்டத்தை அழுத்தினேன்.

"நான் ஹியூகனாட்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "எங்கள் வீட்டின் முக்கியமான பொருள் இதற்குள் இருக்கிறது. சிப்பாய்கள் கண்டுபிடித்தால்..." அதற்குமேல் உதடு துடித்தது.

ரொட்டியைப் பிடுங்கி உள்ளே கையை விட்டேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி இரண்டு பாஸ்போர்ட். போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும்.

"யாரைக் கேட்டுடி எடுத்த?" என்று பல்லைக் கடித்தேன்.

எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்பவள் தமிழில் முணுமுணுத்தாள். "நீங்க கதவைச் சாத்திட்டுப் பேசினதெல்லாம் கேட்டேன். வீட்ல வெச்சா உங்களை அனுப்புறவங்க வந்து எடுத்துடுவாங்கல்ல? உன்னோடது, அப்பாவோடது மட்டும்தான் எடுத்தேன். என்னோடது அங்கயே இருக்கு. என்னை யாரும் அனுப்ப மாட்டாங்களே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சரிடம் சொல்லி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவளையும் வக்கீலிடம் கூட்டிப்போனேன்.

விசா கிடைத்துவிட்டது. இப்போது மூன்று பாஸ்போர்ட்டையும் அவளே ஒரே ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருக்கிறாள். எதற்காவது ஒன்றை உருவினால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து அலமாரி முன்னால் நின்றுவிடுகிறாள்.